மாலையில் மட்டும் வீட்டு இணையம் மந்தமாகிறது. வேகமான திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. பகல் முழுவதும் 100 எம்பிபிஎஸ் இணைப்பு சொன்ன வேகத்தில் ஓடுகிறது, இரவு ஏழு மணிக்கு மேல் காணொளி நின்று நின்று ஓடுகிறது, அழைப்பில் குரல் உடைகிறது, 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையில் பணத்தைக் கூடுதலாகக் கட்டிவிட்டு, மாலையில் அதே சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பலரை நான் அறிவேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பகலில் முழு வேகம் கிடைக்கிறது என்றால் உங்கள் வீட்டுக்கு வரும் வடத்தில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. மாலையில் மட்டும் நெரிசல் என்றால், அது பலரும் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஓர் இடத்தில் ஏற்படுகிறது. அல்லது வீட்டுக்குள்ளேயே எல்லோரும் ஒன்றாக இணையத்தில் இருக்கும் நேரம் அது. திட்டத்தை உயர்த்தும்போது நிறுவனம் மாற்றுவது உங்கள் கணக்குக்கு வைத்திருக்கும் உச்சவரம்பை மட்டுமே. பகிர்ந்துகொள்ளும் இடம் அதனால் ஒரு துளியும் அகலமாவதில்லை. ஆகவே முதலில் நெரிசல் எங்கே என்று கண்டுபிடியுங்கள்.

தொடக்கம் வைஃபை. ரூட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடையே ஒரு நெட்வொர்க் கேபிளைச் செருகி, மந்தமாக இருக்கும் அதே நேரத்தில் வேகத்தைச் சோதியுங்கள். கேபிளில் நன்றாகவும் வைஃபையில் மோசமாகவும் இருந்தால் சேவை நிறுவனத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் பொதுவாக மூன்றே மூன்று: 1, 6, 11. அக்கம்பக்கத்து வீடுகள் அனைத்தும் மாலையில் விழித்துக்கொள்ளும்போது அந்த மூன்றில்தான் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தொலைக்காட்சி, மடிக்கணினி போன்றவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது சுவர்களைத் தாண்டுவதில் பலவீனமானது என்பதால் ரூட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து வையுங்கள். முடிந்த இடத்தில் கேபிளே போட்டுவிடுங்கள்.

கேபிளிலும் மந்தம்தான் என்றால் அடுத்த சோதனைக்கு எந்தச் செயலியும் தேவையில்லை. கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1) மற்றொன்றில் கூகுளின் பொது முகவரியான 8.8.8.8-க்கும் தொடர்ந்து பிங் (சிறு செய்தி ஒன்று போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) அனுப்புங்கள். நல்ல நேரத்தில் முதல் சாளரத்தில் 1, 1, 2 மில்லி வினாடி என்றும், இரண்டாவதில் 12, 13, 12 என்றும் வரிகள் சீராக இறங்கிக்கொண்டிருக்கும். நெரிசலில் இரண்டாவது சாளரம் 14, 90, 310, 280 என்று குதிக்கும். நடுவே பதிலே வராத வரிகள் தோன்றும். முதல் சாளரம் அப்போதும் 1, 2 என்றே இருந்தால், சிக்கல் ரூட்டருக்கு அப்பால் என்று தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். "ரூட்டருக்கு அப்பால்" என்றால் உடனே நிறுவனத்தின் குற்றம் என்று பொருள் இல்லை. இரண்டாவது சாளரம் குதிக்கும்போது வீட்டில் உள்ள மற்ற எல்லாக் கருவிகளையும் இணைப்பிலிருந்து துண்டித்துப் பாருங்கள். எண்கள் 12, 13-க்குத் திரும்பினால் நெரிசலை உண்டாக்குவது உங்கள் வீடுதான்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. மாலையில் எல்லோரும் வீடு திரும்புவார்கள். கைபேசிகள் வைஃபையைப் பிடிக்கும், சார்ஜில் ஏறும், அன்று எடுத்த படங்களையும் காணொளிகளையும் தாமாகவே மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கும். யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் பதிவேற்றப் பாதை நிரம்பி வழிந்தது. பதிவேற்றம் அடைபட்டால் பதிவிறக்கமும் தள்ளாடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் எதைப் பதிவிறக்கினாலும், "வந்து சேர்ந்தது" என்ற சிறு சிறு ஒப்புகைகளை உங்கள் கணினி திருப்பி அனுப்பியாக வேண்டும். அந்த ஒப்புகைகள் படக்கோப்புகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றால், அனுப்புகிற சர்வர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. படச் சேமிப்பை நள்ளிரவுக்குத் தள்ளிவைத்ததும் மாலை அழைப்புகளில் குரல் உடைவது நின்றது.

இந்த வரிசைச் சிக்கலுக்குப் பெயர் உண்டு: பஃபர்ப்ளோட். மோடமும் ரூட்டரும் அனுப்ப முடியாத தரவைக் கீழே போடாமல் பெரிய இடையகத்தில் சேர்த்துச் சேர்த்து வைப்பதால், எல்லாமே தாமதமாகிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-இல் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். இன்று ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருளிலும் வேறு சில ரூட்டர்களிலும் எஸ்கியூஎம் என்ற பெயரில் அதன் வழித்தோன்றல்கள் கிடைக்கின்றன. அதை இயக்கி, வேக வரம்பை உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 90 சதவீதத்தில் வையுங்கள். அந்த "உண்மையான வேகம்" மாலையில் அளந்ததாக இருக்க வேண்டும். பகல் எண்ணைக் கொடுத்தால் மாலையில் அது எந்த வேலையும் செய்யாது. உச்ச வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தியாகம் செய்வது பலருக்கு மனம் ஒப்பாது; ஆனால் காணொளி அழைப்புக்கும் விளையாட்டுக்கும் தாமதம்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் எல்லாவற்றையும் துண்டித்த பிறகும் எண்கள் குதித்தால், நெரிசல் வெளியே இருக்கிறது. ஃபைபர் இணைப்பு என்றால் உங்களுக்கென்று தனி இழை மையம் வரை போவதாக எண்ண வேண்டாம். பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரே இழை ஸ்ப்ளிட்டர் வழியாகப் பொதுவாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. பகிர்வதற்கு உள்ளது பதிவிறக்கத்தில் ஏறத்தாழ 2.5 கிகாபிட் (2,500 எம்பிபிஎஸ்), பதிவேற்றத்தில் 1.25 கிகாபிட். கேட்கப் பயமாக இருக்கலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குப் பரிந்துரைக்கும் வேகம் 15 எம்பிபிஎஸ். 32 வீடுகளும் ஒரே நேரத்தில் 4கே பார்த்தாலும் 480 எம்பிபிஎஸ்தான். இழையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே ஃபைபரில் மாலை மந்தம் என்றால் என் சந்தேகம் முதலில் ஸ்ப்ளிட்டர்மீது போகாது. பல தெருக்களின் தரவைச் சேர்த்து நிறுவனத்தின் மையத்துக்கு எடுத்துச் செல்லும் இணைப்பும், அங்கிருந்து வெளியுலகத்தோடு இணையும் இடமும்தான் நிறுவனங்கள் சிக்கனம் பிடிக்கும் இடங்கள். பழைய கேபிள் தொலைக்காட்சி வழி இணைப்புகளில் மட்டும் தெருவளவிலான பகிர்வே நெரிசலாக வாய்ப்பு அதிகம்.

நெரிசல் மையத்துக்குப் போகும் இணைப்பிலா, வெளியுலகத்தோடு இணையும் இடத்திலா என்று ஓரளவு பிரித்தறியலாம். ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்ட் என்ற வேகச் சோதனை அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கிறது. பல சமயம் அது உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அதை விட்டு, வேறு நிறுவனத்தின், வேறு ஊரின் சர்வரை நீங்களே தேர்ந்தெடுத்து மீண்டும் சோதியுங்கள். அருகிலுள்ளது மாலையிலும் முழு வேகம் காட்டி, தொலைவிலுள்ளது மட்டும் சரிந்தால், வெளியிணைப்பில்தான் நெரிசல். இரண்டும் சேர்ந்தே சரிந்தால் உங்கள் பகுதிக்கும் மையத்துக்கும் இடையில். விபிஎன் (தரவை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) போட்டதும் ஒரு சேவை வேகமாகிறது என்றால் தரவு செல்லும் பாதையில் கோளாறு என்பதற்கு அது நல்ல தடயம். டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை மாற்றினால் வேகம் பெருகும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். பக்கம் திறக்கத் தொடங்கும் நேரம் சற்றுக் குறையலாம், நெரிசல் கரையாது.

இனி புகார். "இணையம் மந்தமாக இருக்கிறது" என்று சொன்னால் "ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற பதில்தான் வரும். ஒரு வாரம், காலை, பிற்பகல், இரவு ஒன்பது மணி என்று ஒரே கருவியில், கேபிளில், ஒரே சர்வரோடு அளந்து அட்டவணையாக அனுப்புங்கள். "கேபிள் வழியில், வேறு கருவி எதுவும் இணையாத நிலையில், காலையில் 96, இரவு ஒன்பதுக்கு 11; ரூட்டருக்குப் பிங் 1, வெளியே 280" என்ற ஒரு வரி, பத்து நிமிடத் தொலைபேசி வாக்குவாதத்தைவிட வலுவானது. உங்கள் பகுதியை நிறுவனக் கருவியின் வேறு போர்ட்டுக்கு (இணைப்பு முனைக்கு) மாற்றுவதோ மைய இணைப்பை விரிவாக்குவதோ அவர்கள் கையில்தான் இருக்கிறது. நெரிசல் நேரத்தை அளப்பது உலகறிந்த நடைமுறைதான்: தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளான பிரிட்டனின் ஆஃப்காம் இரவு 8 முதல் 10 வரையிலும், அமெரிக்காவின் எஃப்சிசி வார நாட்களில் இரவு 7 முதல் 11 வரையிலும் கிடைக்கும் வேகத்தைத் தனியாகக் கணக்கிடுகின்றன. அதனால் "நெரிசல் நேரத்தில் எனக்கு எவ்வளவு கிடைக்கும், எழுத்தில் தாருங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சரிசெய்யும் வரை காணொளியை 1080பி தரத்துக்கு இறக்குங்கள்; நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் அதற்கு 5 எம்பிபிஎஸ் போதும். பெரிய புதுப்பிப்புகளை விடியற்காலைக்கு ஒத்திவையுங்கள், திரைப்படங்களைப் பகலிலேயே பதிவிறக்கி வையுங்கள்.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதாக இருந்தால், அதே கட்டடத்தில் அந்த இணைப்பை வைத்திருப்பவரிடம் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பகல் சோதனையை நம்பி ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டாதீர்கள். 300 எம்பிபிஎஸ் திட்டம் உங்களுக்குப் பயன்படும் சூழல் ஒன்றுதான்: மாலையிலும் கேபிளில் 95-க்குக் குறையாமல் கிடைத்து, வீட்டிலுள்ளவர்கள் அந்த 95-ஐயும் உண்மையிலேயே தீர்த்துவிடுகிறார்கள் என்று ரூட்டரின் பயன்பாட்டுப் பக்கம் காட்டினால், தாராளமாக மாறுங்கள்.