விலை 38 லட்சம், வீட்டுக்கு ஆகப்போவது 46 லட்சம்

கேள்வி: நானும் மனைவியும் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. தக்கலையில் 9,000 ரூபாய் வாடகை வீடு. மார்த்தாண்டம் பக்கம் 5 சென்டில் 15 வருடப் பழைய வீடு ஒன்றை 38 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். சேமிப்பு 11 லட்சம். மீதி 27 லட்சத்தை வங்கி தரும். பத்திரத்தில் 24 லட்சம் காட்டினால் செலவு குறையும் என்கிறார் விற்பவர். மனைவி பெயரில் பதிந்தால் கட்டணத்தில் சலுகை உண்டு என்றும் கேள்விப்பட்டோம். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள், தம்பி. 11-ம் 27-ம் சேர்ந்தால் 38 சரியாக வருகிறது. ஆனால் அது விற்பவருக்குப் போகும் பணம் மட்டும்தான்.

முதலில் பதிவுச் செலவு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்துக்கு 3,42,000 ரூபாய். இந்த விலை வீட்டுக்கு வங்கி இதைக் கடன் கணக்கில் சேர்க்காது, முழுக்க உங்கள் கையிலிருந்து போக வேண்டும். நீங்கள் கேள்விப்பட்ட சலுகை 2025 ஏப்ரல் 1-ல் வந்தது. பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணம் 1 சதவீதம் குறையும், ஆனால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும். உங்களுக்குப் பொருந்தாது.

பத்திரம் எழுத, வக்கீல் பார்க்க, வங்கியின் மதிப்பீடு, பரிசீலனைக் கட்டணம், எம்.ஓ.டி. பதிவு (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு) எல்லாவற்றுக்கும் 60,000 வையுங்கள். தரகு 1 சதவீதம் என்றால் 38,000. குடிபோக, ஃபேன், கிரில், பால்காய்ப்பு என்று 1,20,000. சொந்தக்காரர்களைக் கூப்பிடாமல் நம் ஊரில் யாரும் பால் காய்ச்சுவதில்லை, அதனால் அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

இனி மராமத்து. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்தோடு கருங்கல் பக்கம் வீடு பார்க்கப் போயிருந்தேன். மாசி மாதம். புதிதாகப் பெயிண்ட் அடித்து வீடு பளிச்சென்று இருந்தது. பீரோவுக்குப் பின்னால் ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் கொப்புளம் போட்டிருந்தது. நகத்தால் அழுத்தினேன். பூச்சு ஈரமணல் மாதிரி உதிர்ந்து விரலில் ஒட்டியது. மாசி வெயிலில் அவ்வளவு ஈரம்! அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது, வாங்கினார்கள். ஆனியில் போனபோது மூன்று அறையிலும் வாளி இருந்தது. ஜூனில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு என்று நமக்கு இரண்டு மழை. மொட்டைமாடி ஒழுக்கை ஒரு மழைக்குத் தள்ளிப்போட்டால் அடுத்தது நான்கே மாதத்தில் வந்துவிடும்.

உங்கள் பக்கம் நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கும். வீட்டின் பின்னால் மண்திட்டு இருந்தால் அதைத் தாங்கக் கருங்கல் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு வரை டெம்போ வருமா? வராவிட்டால் கல்லையும் மணலையும் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும், அந்தக் கூலி வேலைக்கூலிக்கு மேல் தனி. அந்த வழி உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். மாடி, ஒயரிங், மோட்டார், சுவர் என்று 2,50,000 ஒதுக்குங்கள்.

எல்லாம் கூட்டினால் 46,10,000. உங்களிடம் இருப்பது 38. துண்டு விழுவது 8,10,000. இந்த இடத்தில்தான் பலர் நகையை அடகு வைக்கிறார்கள். அது வீட்டுக்கடனுக்கு மேல் இன்னொரு கடன். தயவுசெய்து வேண்டாம்.

சரி, 24 லட்சம் என்று எழுதினால்? தீர்வையிலும் கட்டணத்திலும் சேர்த்து 1,26,000 மிச்சமாகும், அதுவும் வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) 24-ஐத் தாண்டாமல் இருந்தால்தான். ஆனால் வங்கி பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். அதிகபட்சமாக 90 சதவீதம் என்றாலும் 21,60,000. அப்புறம் பத்திரக் கணக்கில் 2,40,000, வெளியே ரொக்கமாக 14 லட்சம், ஆக 16,40,000 உங்கள் கையிலிருந்து வேண்டும். இருப்பதோ 11. சொத்து விற்பனையில் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம், வாங்கிய தொகை அளவுக்கே அவருக்கு அபராதம் விழும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 24 என்றே கணக்காகி, லாபவரி உங்கள் தலையில் ஏறும்.

மாதக் கணக்கும் இறுக்கம்தான். 27 லட்சத்துக்கு 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை ஏறத்தாழ 23,430. வீட்டுவரி, பராமரிப்புக்கு 3,000. ஒருவர் சம்பளம் நான்கு மாதம் நின்றால் தாங்காது.

இரண்டு வருடம் பொறுங்கள். வாடகைக்கும், வரப்போகும் தவணை, வீட்டுவரி, பராமரிப்புக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 17,000 ரூபாயை இந்த மாதமே ஆர்.டி.யில் போடத் தொடங்குங்கள். வட்டி இல்லாமலே 4,08,000 சேர்ந்து கையில் 15 லட்சம் இருக்கும். அந்தத் தவணையோடு குடும்பம் நடத்த முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும். அப்போது 30 லட்சத்துக்குள் வீடு பாருங்கள். மற்ற செலவெல்லாம் சேர்ந்து 37,30,000 வரும். 2 லட்சத்தை அவசரத்துக்கென்று தொடாமல் வைத்தாலும் கடன் 24,30,000 போதும், தவணை 21,100 பக்கம்.

இந்த வீடேதான் வேண்டும் என்றால், கொத்தனாரைக் கூட்டிப்போய் மராமத்துக் கணக்கை எழுதி வாங்கி, அதை வைத்து விலை பேசுங்கள். மூலப்பத்திரத்தையும் கேளுங்கள். 1956 வரை நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் பழைய பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கு) இருக்கலாம். படிக்கத் தெரிந்தவரை வைத்து வரிக்கு வரி தமிழில் எழுதி வாங்குங்கள். 30 வருட வில்லங்கச் சான்றும் பாருங்கள். நல்ல மழை நாளில் ஒருமுறை போய் பீரோவை நகர்த்திப் பாருங்கள். சித்திரையில் இன்னொருமுறை போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள்.