மாதாமாதம் போட்டது என்ன ஊசி?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது குயின்ஸ்லாந்தில் இருக்கிறோம். கணவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் ஆடு மாடுகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சல் வந்து, இரண்டு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமி மருந்து குடித்துச் சுகமாகிவிட்டார். மூன்றாம் மாதம் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். "சுகமான ஆளுக்கு எதற்கு டெஸ்ட், ஒரு ஷிப்ட் போய்விடும்" என்று போகவில்லை. ஊரில் தங்கை கல்யாணத்துக்குக் காசு சேர்க்கிறார். சின்ன வயதில் மூட்டு வீங்கி மாதாமாதம் ஊசி போட்டவராம், அதனால் ஊசி என்றாலே பயம். டாக்டரிடம் நான்தான் கூடப்போய்ப் பேசுவேன். இப்போது நச்சரிக்கிறேன் என்று கோபப்படுகிறார். என் மேல் தவறா?

பதில்: தங்கச்சி, யார் மேல் தவறு என்ற பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். அவர் ஊசிக்குப் பயப்படுவார் என்று சொல்ல வந்து, முழுக் கடிதத்திலும் முக்கியமான விஷயத்தை அரை வரியில் தள்ளிவிட்டீர்களே! மூட்டு வீக்கம், மாதாமாதம் ஊசி. அது என்ன ஊசி என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படிப் போட்டால் அது பெரும்பாலும், தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கான பென்சிலின்தான். மூட்டு வீக்கம் இறங்கிவிடும், ஆனால் சிலருக்கு இதய வால்வில் தழும்பு விழுந்து இருபது வருடம் மூச்சுக் காட்டாமல் கிடக்கும். கியூ காய்ச்சல் கிருமி போய் ஒட்டிக்கொள்வது அப்படிப்பட்ட வால்வில்தான். பொதுவாக நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நாள்பட்ட தொற்றாக மாறும், பழுதான வால்வுக்காரருக்கு அந்தக் கணக்கு செல்லாது.

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது நீங்கள். இதைச் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இந்த நோயை 1930களில் உங்கள் பிரிஸ்பேன் இறைச்சித் தொழிலாளிகளிடம்தான் முதலில் கண்டார்கள், என்ன காய்ச்சல் என்று பிடிபடாமல் 'குவெரி' (கேள்வி) என்று பெயர் வைத்தார்கள், அதுதான் அந்த கியூ. அந்த ஊர் டாக்டருக்குச் சொன்னால் புரியும், சொல்லத்தான் ஆள் வேண்டும்.

'சுகமான ஆள்' என்கிறாரே, வால்வில் உட்கார்ந்த பிறகு இது பெரிய காய்ச்சலாக வரவேண்டும் என்றில்லை. களைப்பு, இரவு வியர்வை, மெலிவு, படியேறினால் மூச்சு வாங்குவது, அவ்வளவுதான். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சரில் இது வளராது, இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோவில்கூடச் சில நேரம் தப்பிவிடும். அதனால்தான், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியின் அளவை இரத்தத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். காய்ச்சலின்போது அதில் ஃபேஸ் 2 என்ற வகை கூடியிருக்கும். மாதங்கள் போனபின் ஃபேஸ் 1 ஐ.ஜி.ஜி. என்ற வகை ஏறி 1:1024ஐத் தொட்டால், அதாவது 1024 மடங்கு நீர்த்துப் பார்த்தாலும் தெரிந்தால், வால்வையும் இரத்தக் குழாய்களையும் துருவிப் பார்த்தாக வேண்டும். மூன்றாம் மாதத்தைக் கோட்டை விட்டாயிற்று. சரி, இந்த வாரம் ஒன்று, பிறகு ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம். எக்கோவில் வால்வு பழுது என்று தெரிந்தால் இரண்டு வருடம் வரை.

ஷிப்ட் கணக்குப் பார்க்கிற மனிதரிடம் இதையும் சொல்லுங்கள்: வால்வில் தொற்றிவிட்டால் குறைந்தது 18 மாதம் இரண்டு மருந்து, சிலருக்கு ஆபரேஷன் வேறு. தங்கைக்காக உழைக்கிற அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளம் மட்டும் குடும்பத்துக்கு, உடம்பு மட்டும் தன் சொந்த விஷயம் என்பது என்ன நியாயம்?

இன்றிரவே மாமிக்குப் போன் போடுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை வயது, நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று யாராவது சொன்னார்களா, ஊசியை எப்போது நிறுத்தினார்கள், எல்லாம் கேளுங்கள். பழைய கிளினிக் கொப்பி அலுமாரியில் இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதோடு டாக்டரிடம் போய் எக்கோவும் கேளுங்கள். தன் மகனுக்குக் காய்ச்சல் வந்ததையும் மாமியிடம் மறைக்காதீர்கள். கணவர் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் மாமியையே பேசவிடுங்கள், எனக்குக் கடிதம் போடுவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.