போனில் பிரிண்ட் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் ‘ஆஃப்லைன்’

ரவுட்டரை அணைத்துப் போட்டதிலிருந்து விண்டோஸ் லேப்டாப்பில் மட்டும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது, போனிலிருந்து பிரிண்ட் ஒழுங்காக வருகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பிரிண்டரில் கோளாறு இல்லை. டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) மறுபடி மறுபடி நீக்கிப் போடுவது வீண் வேலை.

ரவுட்டர் பிரிண்டருக்குப் புது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுத்திருக்கும். போன் பிரிண்டரைப் புதிதாகத் தேடிக் கண்டுபிடித்துவிடும்; லேப்டாப்போ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டு இப்போதைய முகவரியைப் பாருங்கள், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அப்புறம் லேப்டாப்பில் ‘பிரிண்டர் ப்ராப்பர்டீஸ்’ திறந்து, ‘போர்ட்ஸ்’ பகுதியில் புதிதாக ஒரு ‘ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்’ சேர்த்து அந்த எண்ணைக் கொடுங்கள். பக்கத்திலேயே வெறும் ‘ப்ராப்பர்டீஸ்’ என்று இன்னொன்று இருக்கலாம், அது இல்லை. எதற்கு இப்படிப் பெயர் வைத்தார்களோ!

பிரிண்ட் வந்துவிட்டால், ரவுட்டர் அமைப்பில் ‘டிஹெச்சிபி ரிசர்வேஷன்’ மூலம் அந்த முகவரியைப் பிரிண்டருக்கே ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மின்தடைக்கு இதே கதைதான்.

அப்படியும் வராவிட்டால், லேப்டாப்பில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாக அனுப்பும் செயலி) ஓடுகிறதா, லேப்டாப் ‘கெஸ்ட்’ வைஃபையில் (விருந்தினருக்கான தனி இணைப்பில்) இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.