நியூசிலாந்துக் கலைஞர் லிசா ரெய்ஹானா தன் வீடியோ படைப்புக்கு ஒரு பழைய வால்பேப்பரை (சுவரில் ஒட்டும் படத்தாளை) ஏன் எடுத்துக்கொண்டார்?

அந்த வால்பேப்பரே ஒரு காலனியப் பார்வைதான். 1804–05-இல் பிரான்சில் ஜோசப் துஃபூர் நிறுவனம் அச்சிட்டது. மொத்தம் 20 தாள்கள். ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் முதலியோரின் பயணக் குறிப்புகளிலிருந்து பசிபிக் மக்களை வரைந்தார்கள். ஆனால் உடையும் நிற்கும் தோரணையும் கிரேக்கச் சிலைகள் மாதிரி!

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் வழிவந்த ரெய்ஹானா 'இன் பர்சூட் ஆஃப் வீனஸ் [இன்ஃபெக்டட்]' (2015) படைப்பில் அந்த நிலக்காட்சியை மட்டும் பின்னணியாக வைத்துக்கொண்டார். அதன்மேல், பச்சைத் திரைக்கு முன் படம்பிடித்த நடிகர்கள்: நடனம், பச்சை குத்துதல், பண்டமாற்று, நடுவே சவுக்கடி. காட்சி பக்கவாட்டில் நகர்ந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பதால் எங்கிருந்தும் பார்க்கத் தொடங்கலாம்.

குக்கைக் கவனியுங்கள். 1779-இல் ஹவாயில் அவர் கொல்லப்பட்டது வால்பேப்பரில் தூரத்தில் பொடியாகத்தான் தெரியும். வீடியோவில் அது கண்ணெதிரே நடக்கிறது. ஒரு சுற்றில் குக்காக நடிப்பது ஒரு பெண். தலைப்பில் 'பர்சூட் ஆஃப் வீனஸ்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் பி.ஓ.வி. ஆங்கிலத்தில் அது 'பாயின்ட் ஆஃப் வியூ' (பார்வைக் கோணம்) என்பதன் சுருக்கமும்கூட, அதாவது 'யாருடைய பார்வை' என்ற கேள்வி.