முதல் கேமரா, முதல் லென்ஸ்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அண்ணா, இப்போதுதான் படமெடுக்கப் பழகுகிறேன். டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா, மிரர்லெஸ் வாங்கலாமா?

பதில்: டிஎஸ்எல்ஆருக்குள் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் ஒரு கண்ணாடி இருக்கும், மிரர்லெஸ்ஸில் அது இல்லை. புதிதாக வாங்குவதென்றால் மிரர்லெஸ், தம்பி. படம் எவ்வளவு வெளிச்சமாக வரும், எவ்வளவு இருட்டாக வரும் என்பது பொத்தானை அழுத்துவதற்கு முன்பே வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் இடத்தில்) தெரிந்துவிடும். பழகுபவருக்கு இது பெரிய உதவி. ஆனால் கையில் காசு குறைவென்றால் பழைய டிஎஸ்எல்ஆரைத் தயங்காமல் வாங்குங்கள். லென்ஸை மாட்டும் வளையத்தை மவுண்ட் என்பார்கள்; நிக்கான் எஃப் மவுண்ட் 1959-லிருந்தும், கேனன் ஈஎஃப் 1987-லிருந்தும் புழங்குகின்றன. செகண்ட் ஹேண்டில் அவற்றுக்கு லென்ஸ் தட்டுப்பாடே இல்லை.

கேள்வி: 24 மெகாபிக்சல் போதுமா சார்?

பதில்: தாராளமாகப் போதும். 24 மெகாபிக்சல் என்பது 6000-க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நல்ல தரத்தில் அச்சிட்டாலும் 20 அங்குல அகலத்துக்குப் படம் கிடைக்கும்.

கேள்வி: ஃபுல் ஃபிரேம்தான் வாங்க வேண்டும் என்று நண்பர் வற்புறுத்துகிறார்.

பதில்: ஒளியைப் படமாக்கும் தகடுதான் சென்சார். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி என்ற சிறிய வகை ஏறக்குறைய 23.5-க்கு 15.6; கேனனில் இன்னும் சற்றுச் சிறியது. மங்கலான வெளிச்சத்தில் பெரிய சென்சார் நன்றாக எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமராவோடு) செலவு முடியாது. அதற்குரிய லென்ஸ்களும் பெரும்பாலும் பெரியவை, கனமானவை, விலை கூடியவை. முழுப் பணத்தையும் பாடியில் போட்டுவிட்டு லென்ஸுக்குக் கையைப் பிசைந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏபிஎஸ்-சி எடுங்கள், மிச்சத்தை லென்ஸுக்கு வையுங்கள்.

கேள்வி: கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் மட்டம் என்கிறார்களே, அண்ணா? வீட்டுக்குள் குழந்தையை எடுத்தால் எல்லாப் படமும் கலங்கலாக வருகிறது.

பதில்: லென்ஸ் மட்டமில்லை அம்மா, வெளிச்சம் போதவில்லை. அந்த லென்ஸை 55 மி.மீ.க்கு, அதாவது காட்சியை மிக நெருக்கமாகக் காட்டும் முனைக்குத் திருப்பினால், அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். எஃப் 1.8 வரை திறக்கும் பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கணக்காகவே பாருங்கள். மாலையில் ஒரு விளக்கு எரியும் கூடத்தில் கிட் லென்ஸ் ஷட்டரை ஒரு நொடியில் 13-ல் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால்தான் படம் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் குழந்தை கையை ஆட்டிவிடும். ஐந்து விரலும் ஒரே தீற்றலாகிவிடும். அதே ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளி உணர்வு அளவில்) எஃப் 1.8-க்கு 125-ல் ஒரு பங்கே போதும், விரல்கள் தனித்தனியே தெரியும். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், குழந்தையின் துள்ளலை அல்ல.

ஒன்று மட்டும் கவனியுங்கள். 1.8-ல் கிட்டத்தில் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். ஃபோகஸைக் கண்ணில் வைத்து, அப்பர்ச்சரை 2.8 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்துக்கு உங்கள் கிட் லென்ஸே போதும், அதை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: அந்த பிரைம் லென்ஸ் 35-ஆ, 50-ஆ?

பதில்: ஏபிஎஸ்-சியில் 50 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. காட்டும் அளவுக்குத்தான் காட்சியை அடக்கும். மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருப்பவரை நெட்டுவாக்கில் எடுத்தால் 50-ல் முகமும் தோளும் வரும். 35-ல் மேசைமேல் வைத்திருக்கும் கைகளும் சேர்ந்து வரும். எனக்கு அந்தக் கைகள் வேண்டும். அதனால் முதல் பிரைம் என்றால் 35 என்பேன்.

என் ருசி உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். கிட் லென்ஸை ஒரு வாரம் 35-லேயே வைத்துத் திருப்பாமல் எடுங்கள், அடுத்த வாரம் 50-ல். எந்த வாரம் கை அடிக்கடி லென்ஸைத் திருப்பத் துடித்தது என்று பாருங்கள். முன்பு எடுத்த படங்களும் பதில் சொல்லும்: ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பதிந்திருக்கும்.

கேள்வி: நிலாவை எடுக்க 18-55 ஆகுமா?

பதில்: ஆகாது. 55-ல் சென்சாரில் விழும் நிலா அரை மி.மீ. அளவுதான் இருக்கும். பறவைக்கும் நிலாவுக்கும் 300 வரை போகும் ஜூம் வேண்டும். அதை இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: டார்ச்சை எடுத்துப் போங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி இழைபோலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நான் ஒருமுறை அவசரத்தில் பார்க்காமல் வாங்கிவிட்டேன். ஜன்னலுக்கு எதிரே எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளிறியது. உள்ளே ஒரு ஓரம் முழுக்கப் பூஞ்சை. நாலைந்து தூசி இருந்தால் கவலைப்பட வேண்டாம், படத்தில் தெரியாது.

நிக்கான் டி3000, டி5000 வரிசைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: அந்த பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸில் ஏஎஃப்-எஸ் (உள்ளேயே மோட்டார் உள்ளது) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கூடவே வேறென்ன வாங்கட்டும்?

பதில்: இன்னொரு பேட்டரி, இன்னொரு மெமரி கார்டு. காற்றுப்புகாத டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். தோல் உறையில் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள்; தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும்.