பெட்டிக்குள்ளேயே பொடியாகும் ஷூ

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் பெயரில் நைக்கி 1989-இல் விட்ட அசல் ஏர் ஜோர்டன் 4 ஷூ ஒரு ஜோடி விலைக்கு வந்திருக்கிறது. கறுப்பு-சிவப்பு. காலில் போடவே இல்லையாம், பெட்டியும் இருக்கிறதாம். வாங்கினால் எப்போதாவது போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நாலு எட்டு வைப்பதற்குள் சோல் உதிர்ந்து தரையெல்லாம் பொடியாகிவிடும்.

அந்த ஷூவின் நடுசோல் பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப்பிணைப்புகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியில் வைத்திருந்தாலும் தப்பாது. முதலில் பெயின்ட் வெடிக்கும். கடைசியில் நமத்துப்போன பிஸ்கட் கதிதான். அதனால் 'போடவே இல்லை' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

இன்னொன்று: சோல் கெட்டியாக, புத்தம்புதிதாகத் தெரிந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். புதிய ஜோடியின் சோலைப் பிரித்துப் பழைய மேல்பாகத்தில் ஒட்டியிருக்கலாம். 'சோல் ஸ்வாப்' என்று சொல்லியே விற்றால் அதில் தப்பில்லை, மறைத்தால்தான் மோசடி. அல்லது அது ரெட்ரோவாகவே, அதாவது பிற்காலத்தில் அதே வடிவத்தில் மறுபடி வெளியிட்ட ஜோடியாகவே இருக்கலாம். குதிகாலில் 'நைக்கி ஏர்' என்ற எழுத்து இருக்கிறதே, அசல்தான் என்பார்கள். 1999 ரெட்ரோவிலும் அது உண்டு, 2019-இல் வந்ததிலும் உண்டு. 2012 ஜோடியிலோ அந்த இடத்தில் ஜோர்டன் தாவும் உருவம். ஆகவே குதிகாலை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது. பெட்டியில் உள்ள எண்ணும் ஷூவுக்குள் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று போட்டோ கேளுங்கள்.

இந்த நிறத்துக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்றால், 1989 மே மாதம் கிளீவ்லாந்து அணிக்கு எதிராகக் கடைசி நொடியில் பந்தைக் கூடையில் போட்டு ஜோர்டன் எகிறிக் குதித்தாரே, அப்போது காலில் இருந்தது இதுதான். அலமாரியில் வைத்துப் பார்க்க என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் உதிரப்போகும் சோலுக்கும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். வெயில் படாத, அதிகச் சூடில்லாத அறை போதும். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டால் தோலும் பசையும் காய்ந்து வெடிக்கும்.

போட்டு நடக்கத்தான் ஆசை என்றால் 1985 ஜோர்டன் 1 தேடுங்கள். ரப்பர் சோல், இன்னும் தாங்குகிறது. கணுக்கால் பட்டையின் மேல்பூச்சு மட்டும் செதில்செதிலாக உரியும். விலையைக் கேட்டுவிட்டு 2019 ரெட்ரோ பக்கம் திரும்பினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.