கடல் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யும் தொண்டு அமைப்புக்கு, மக்கள் கைவைத்துச் செய்து பார்க்கும் அரங்கை எப்படி அமைப்பது?

கடற்கரையில் பொறுக்கும் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யும் சிறிய அமைப்பு, இரண்டு நாள் அரங்கு, பதாகையும் சொற்பொழிவும் இல்லாமல் வருகிறவர்கள் தாங்களே எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தொடுதிரை வாடகைக்கு எடுக்கலாமா என்பது துணைக்கேள்வி. வேண்டாம். கடலோரப் பந்தலில் வெயில் ஏறிவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. அந்தக் காசில் நான்கு கண்ணாடித் தொட்டி வாங்கிவிடலாம்.

அரங்கின் உயிர் அந்தத் தொட்டிகளில்தான் இருக்கிறது. மூன்று போதும், ஒன்று உபரி. ஒவ்வொன்றிலும் 10 லிட்டர் தண்ணீர். முதலாவதில் வெறும் நல்ல தண்ணீர். இரண்டாவதில் 350 கிராம் உப்பு, கிட்டத்தட்டக் கடல்நீர். மூன்றாவதில் 1.1 கிலோ உப்பு, அடர்த்தி (நல்ல தண்ணீருக்கு 1) 1.07 அளவுக்கு வரும். தூள் உப்பு வாங்காதீர்கள், கட்டிப்படாமல் இருக்க அதில் சேர்க்கும் பொருளால் தண்ணீர் பால்போல் கலங்கிவிடும். கல் உப்பை முந்தைய நாளே கரைத்து, இரவு தெளியவிட்டு, துணியில் வடிகட்டுங்கள்.

இப்போது ஒரு தட்டில் துண்டுகள்: பாட்டில் மூடி, வெட்டிய பெட் பாட்டில், ஐஸ்கிரீம் கரண்டி, பி.வி.சி. குழாய்த் துண்டு, இரண்டு வகை வலை. எது மிதக்கும் என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள், பிறகு போடச் சொல்லுங்கள். மூடி (எச்.டி.பி.இ. அல்லது பி.பி. என்ற பிளாஸ்டிக் வகை) மூன்றிலும் மிதக்கும். பெட்டும் பி.வி.சி.யும் மூன்றிலும் மூழ்கும். கரண்டி பாலிஸ்டைரீன், அடர்த்தி 1.05 அளவு, முதல் இரண்டில் மூழ்கி மூன்றாவதில் எழும்பும். சிறுவர்கள் இந்த இடத்தில்தான் கூட்டம் போடுவார்கள்.

ஆனால் பெரியவர்களை நிறுத்துவது வலை. இழுவை வலையின் எச்.டி.பி.இ. கயிறு மிதக்கும். தங்கூசி வலை நைலான், அடர்த்தி சுமார் 1.14, மூன்று தொட்டியிலும் அடிக்குப் போகும். அறுந்த வலை எல்லாம் கரைக்கு வந்துவிடும் என்று நினைப்பவருக்கு, கடலடியில் கிடந்து மீனையும் நண்டையும் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும் வலை எது என்று இங்கே புரிந்துவிடும்.

சொதப்பும் இடங்கள் மூன்று. மூடி போட்ட முழு பாட்டிலை யாராவது போட்டால் உள்ளே இருக்கும் காற்றால் மிதந்து, நீங்கள் சொன்னதெல்லாம் பொய் என்றாகிவிடும், இரண்டு செ.மீ. துண்டுகளாக மட்டும் வையுங்கள். துண்டில் ஒட்டும் காற்றுக்குமிழியும் அதையே செய்யும், தொட்டிக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் தீரும். மூன்றாவது, ஈரக்கை: ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் போய்ப்போய் மதியத்துக்குள் உப்பு நீர்த்துவிடும். கரண்டி மெதுவாக எழும்பத் தொடங்கினாலே ஒரு கைப்பிடி உப்பு போடுங்கள். உப்புநீரின் அடர்த்தியை உப்பளத்தில் டிகிரியாகப் பார்க்கும் கருவி கிடைத்தால், மூன்றாவது தொட்டியில் அது 9 முதல் 10 வரை நிற்க வேண்டும்.

அடுத்தது சல்லடை. 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்தும், 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலிருந்தும் கடலில் கலந்தவை, பருப்பளவு பிளாஸ்டிக் குருணைகள். ஒன்றின் எடை சுமார் 25 மில்லிகிராம். 25 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ பத்து லட்சம். மேலே 5 மி.மீ., கீழே 1 மி.மீ. சல்லடை. காய்ந்த மணலில் எண்ணிப் போட்ட 30 குருணைகளைக் கலந்து கொடுங்கள். கிடைத்தது எத்தனை என்று அவர்களே பலகையில் எழுதட்டும். சலித்ததைக் கறுப்பு அட்டையில் கொட்டினால்தான் வெள்ளைக் குருணை கண்ணில் படும். மணல் ஈரமாக இருந்தால் 1 மி.மீ. கண்ணி அடைத்துக்கொள்ளும், அதோடு ஆட்டம் முடிந்தது. கண்ணில் படாத குருணை மணலிலேயே தங்கியிருக்கும் என்பதால், அந்த மணலைக் கரையில் கொட்டிவிடாமல் மூட்டையாக வைத்திருங்கள்.

எல்லோரும் கேட்பது சாவிக்கொத்து வார்க்கும் இயந்திரம். சிறிய மறுசுழற்சி இயந்திரங்களுக்காக டேவ் ஹாக்கன்ஸ் 2013இல் தொடங்கிய பிரெஷியஸ் பிளாஸ்டிக் திட்டத்தின் வரைபடங்கள் இலவசம், உள்ளூர் லேத் பட்டறையிலேயே செய்துவிடலாம். ஆனால் உருகியதை அச்சுக்குள் அழுத்தும் நெம்புகோலைப் பார்வையாளர் கையில் கொடுக்காதீர்கள். 200 டிகிரியில் உருகிய பிளாஸ்டிக் முனையில் ஒழுகும், தோலில் ஒட்டினால் உரித்தெடுக்க முடியாது. ஒரு மீட்டர் தள்ளித் தடுப்பு. பார்வையாளர் செய்ய வேண்டியது இதுதான்: மூடியின் உள்பக்கம் 2 (எச்.டி.பி.இ.) என்று இருக்கிறதா 5 (பி.பி.) என்று இருக்கிறதா பார்த்துத் தனித்தனி வாளியில் போடுவது, நிறம் தேர்ந்தெடுப்பது, அந்த நிறத் துருவலில் 12 கிராம் நிறுப்பது (ஏறக்குறைய ஆறு மூடி). பிரித்த மூடி உங்கள் கிடங்குக்கு மிச்சம். அரங்கில் எதை வைத்தாலும் இப்படி உங்களுக்கு ஏதாவது மிஞ்சும்படி வையுங்கள், இல்லையென்றால் அது வெறும் பொருட்காட்சி.

2ஐயும் 5ஐயும் கலந்து வார்த்தால் பொருள் அடுக்கடுக்காகப் பிளக்கும். ஈரத் துருவல் நீராவியாகி உள்ளே குமிழி விடும், சில நேரம் வெளியே தெறிக்கும். பி.வி.சி. ஒரு துண்டுகூடப் போகக்கூடாது. அமில வாயு வரும். சூடேற அரைமணி நேரம், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் உருகப் பத்து நிமிடமாவது ஆகும், எனவே நேரம் எழுதிய டோக்கன் கொடுங்கள். பந்தல்காரர் இழுத்துவிடும் 5 ஆம்பியர் ஒயரில் ஹீட்டரைச் சொருகாமல் 15 ஆம்பியர் பவர் பிளக்குக்குத் தனி லைன் கேளுங்கள்.

“இது கடலில் கிடைத்ததா?” என்று எப்படியும் கேட்பார்கள். வெயிலில் கிடந்த கடற்கரை பிளாஸ்டிக் நொறுங்கும், அதை மட்டும் வைத்து வார்க்க முடியாது. நன்றாக அலசிய கரைத் துருவலைப் பத்தில் இரண்டு பங்கு கலந்து தொடங்கிப் பாருங்கள், அந்த விகிதத்தைச் சாவிக்கொத்தோடு தரும் அட்டையிலேயே அச்சிடுங்கள். அலசாமல் போட்டால், இயந்திரத்தில் பிளாஸ்டிக் உருகும் உருளையை உப்பு அரித்துவிடும்.

முடிந்ததும் தொட்டித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றாதீர்கள், உப்பு வேரைக் கெடுக்கும். துண்டுகள் தப்பாமல் துணியில் வடிகட்டிவிட்டுச் சாக்கடையில் விடுங்கள்.